மூன்றாம் மாடியில் ஊதா வெளிச்சம்

ஊறுகாய் வாளிதான், பத்து லிட்டர்.
பள்ளிக்கூடச் சமையலறையில் கேட்டு வாங்கியது.
ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் காய்ச்சி
அடியில் ஏழு ஓட்டை போட்டேன்.
எட்டாவது கோணிக்கொண்டு பக்கவாட்டில் போய்விட்டது.
தண்ணீர் இன்றைக்கும்
அது வழியாகத்தான் முதலில் எட்டிப்பார்க்கிறது.

ஔலுவில் ஜனவரியிலேயே விதைக்க வேண்டும்.
வெளியே கழித்தல் இருபத்தாறு.
ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்களைப் போல
சூரியன்
கோட்டைக் கழற்றாமலே கிளம்பிவிடும்.
ஈரக் காகிதத்தில் ஆறு விதையை மடித்து
இன்டர்நெட் பெட்டியின் தலைமேல் வைத்தேன்.
இந்த வீட்டில் எப்போதும் சூடாக இருப்பது
அது ஒன்றுதான்.

பதினோராம் நாள் ஒன்று மட்டும் வந்தது,
விதைத்தோலைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு.
நகத்தால் தொட்டேன். கழலவில்லை.
சரி, குளிருக்குப் போட்டிருக்கட்டும் என்று விட்டேன்.

எட்டாம் நம்பர் பஸ், விடியற்காலை ஷிஃப்ட்.
நான் எழுகிற நேரத்துக்கே
அதற்கும் விளக்கு எரியும்படி வைத்தேன்.
ஊதா விளக்கு.
பனி மூடிய முற்றத்தில்
என் ஜன்னலின் நிறம் நீளமாகப் படுத்துக் கிடக்கும்.
அழகாகத்தான் இருந்தது.
யாருக்கு எப்படித் தெரிந்ததோ.

பிப்ரவரிக் கடைசியில் போலீஸ் வந்தது.
இரண்டு பேர். சின்னவன் சட்டையில் நிஸ்கலா என்று பெயர்.
ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று
வாசலில் ஒரு கணம் தடுமாறினான்.
கழற்றவில்லை. ஆனால் நுனிக்காலில் நடந்தான்.

"என்ன வளர்க்கிறீங்க?"
"மிளகாய்."
"எத்தனை?"
"ஒன்று."

பெரியவர் குளியலறையைத் திறந்து பார்த்தார்.
அங்கே என் சீருடை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.
சின்னவன் வாளிக்கு முன்னால் குந்தினான்.
பத்து இலை இருக்கும் அப்போது.
ஒன்றை மெல்லத் திருப்பி, டார்ச் அடித்து,
குற்றப்பத்திரிகை வாசிக்கிற குரலில் சொன்னான்:
"அசுவினி."

நான் பார்க்கவே இல்லை.
இலையின் முதுகில் பச்சைப் பொட்டுகளாய்
ஒரு குடும்பமே உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"பைன் சோப்பு. லிட்டருக்கு ஒரு ஸ்பூன்.
முகத்தில் அடிக்காதீங்க, முதுகில் அடிங்க.
நாலு நாள் விட்டு மறுபடியும்."
பிறகு, பெரியவர் காதில் விழாமல்,
"எங்க வீட்ல பதினாலு தொட்டி."

புகார் கொடுத்தது யார் என்று அவர்கள் சொல்லவில்லை.
இரவு பத்து மணிக்கு முற்றத்தில்
நாயோடு அண்ணாந்து நிற்கிறவள்
முதல் மாடி ராவ்னி மட்டும்தான்.
ஒன்பது வருஷமாக லிஃப்டில்
எண்களைப் பார்த்தபடி இறங்குகிறோம்.

ஏப்ரலில் பூத்தது. பூத்துப் பூத்து உதிர்ந்தது.
வண்டுகள் எல்லாம் இன்னும் மண்ணுக்கடியில்.
தேனீ வேலைக்கு ஆள் இல்லை, நான் சேர்ந்தேன்.
மை தீட்டுகிற பிரஷ்,
ஷிஃப்ட் முடிந்து வந்து பூவுக்குப் பூ ஒரு தொடல்.
சம்பளம் கிடையாது.
ரீங்காரத்தையும் நானேதான் போட்டுக்கொள்ள வேண்டும்;
போட்டுக்கொண்டேன்,
கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

ஜூனில் பால்கனிக்குக் கொண்டுபோனேன்.
இருட்டே இல்லாத வாரங்கள்.
இரவு ஒரு மணிக்கும் வெயில் இலைமேல் நின்றது.
செடி எப்போது தூங்கியது என்று எனக்குத் தெரியாது.
பிஞ்சு பதினேழு. காற்றில் போனது மூன்று.
மிச்சத்தில் முதலாவது சிவக்க
ஆகஸ்ட் ஆயிற்று.

எனக்கு உறைப்பு ஆகாது.
ஒன்றைக் கடித்து, மூன்று டம்ளர் மோர் குடித்து,
சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டைப் பையில் போட்டு
ராவ்னியின் கதவுக் கைப்பிடியில் மாட்டினேன்.
சீட்டு எழுத நினைத்தேன்.
'ஊதா' என்று தொடங்கி, கிழித்துவிட்டேன்.

திங்கள், செவ்வாய், ஒன்றுமில்லை.
புதன்கிழமை லிஃப்டில் அவள்
மூக்கை உறிஞ்சிக்கொண்டு எண்களைப் பார்த்தாள்.
நாய் மட்டும் என் கையை மோந்தது.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தால்
என் கைப்பிடியில் அந்தப் பை,
கழுவி, உலர்த்தி, நாலாக மடித்து.
பிரித்தேன்.
உள்ளே இரண்டு காம்பு.